அக்காவும் ஐந்து பாட்டரிகளும்

கதை எழுதுகிறவனைக் கடைக்கு அனுப்புவதில் ஓர் ஆபத்து உண்டு. கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்னால், கத்தரிக்காய் விற்கிற கிழவியின் குடும்ப விருத்தாந்தத்தை வாங்கிக்கொண்டு வெறும் பையோடு திரும்புவான். என் வீட்டில் இது முப்பது வருஷத்துக்கு முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயம். கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவின் பேரனுக்கு மட்டும் தெரியவில்லை. அதனால்தான் 2024-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை எனக்குப் போன் செய்து, "தாத்தா, ரிச்சி தெருவுக்குப் போய் எனக்கு பாட்டரி வாங்கிண்டு வரணும்" என்றான்.

"கடிகாரத்துக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை தாத்தா. பாட்டியோட கைக்கு" என்றான்.

அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. நடுக்குவாதம். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற லண்டன் வைத்தியர் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி வைத்தார். அதனால் அவர் பெயரே நோய்க்கும் பெயராகிவிட்டது. மூளையில் குறைந்துபோன ஏதோ ஒரு சத்தை ஈடுகட்ட மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் அக்கா கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பாள். அடுத்த வேளை நெருங்க நெருங்க அதன் வேகம் இறங்கிவிடும். அப்போது கரண்டியை எடுத்தால், தட்டிலிருந்து வாய்க்குப் போகிற அந்த ஒரு முழ தூரத்துக்குள் பாதிச் சாதம் மடியில் இருக்கும்.

ஒரு வருஷமாக நாட்டுப்பெண்தான் ஊட்டிவிடுகிறாள். தங்கமான பெண், முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அக்காவின் நாக்கு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். எங்கள் சித்தப்பா பெண் கல்யாணத்தில், ரசத்தை வாயில் வைத்ததும், பந்தியில் உட்கார்ந்தபடியே பரிசாரகரைக் கூப்பிட்டனுப்பி, "புளியை எப்போ கரைச்சேள்?" என்று விசாரணை நடத்தியவள். அப்பேர்ப்பட்டவள் இந்த ஒரு வருஷமாகச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பாள், விழுங்குவாள், போதும் என்று தலையை ஆட்டுவாள். உடம்பு பாதியாகிவிட்டது.

பேரன் என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். பாட்டிக்கு ஒரு கை செய்கிறேன் என்று கிளம்பினான். உலகத்தில் இல்லாத யோசனை அல்ல. ஜப்பானில் செகோம் என்ற கம்பெனி 2002-லேயே 'மை ஸ்பூன்' என்று ஊட்டிவிடும் யந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. இவன் வெட்டின அக்ரிலிக் தகட்டில், நாலு சர்வோ மோட்டாரை வைத்து, இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று நாலு மூட்டுக்களோடு ஒன்றைப் பூட்டினான். நுனியில் எவர்சில்வர் கரண்டி.

சர்வோ என்பது இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டிவைத்தாற்போல ஒரு கறுப்புப் பெட்டி. இவன் வாங்கியது எம்ஜி 996 ஆர் என்கிற ரகம். எடை 55 கிராம். உள்ளே ஒரு குட்டி மோட்டார், பல்சக்கரங்கள், தான் எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள ஒரு சாதனம், எல்லாவற்றையும் மேய்க்க ஒரு சின்ன சர்க்யூட். வெளியே மூன்று ஒயர்: சிவப்பும் பழுப்பும் மின்சாரத்துக்கு, ஆரஞ்சு கட்டளைக்கு. விநாடிக்கு ஐம்பது தடவை கட்டளை வருகிறது, "இங்கே நில், இங்கே நில்" என்று. நின்ற இடத்திலிருந்து யாராவது தள்ளினால் அது எதிர்த்துத் தள்ளும். பிடிவாதத்தில் அக்காவைக் கொண்டிருந்தது.

போனுக்கு ஒரு மாதம் முன்பு, ஆடியில், அரங்கேற்றம் நடந்தது. நானும் போயிருந்தேன். அக்கா பலகை முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பித்தான். அழுத்தினால் கை குனிந்து, ரசம் சாதத்தை அள்ளி, வாய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். முதல் கரண்டி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. எனக்குத் தொண்டையை அடைத்தது. நாலாவதில் பையன் உற்சாகமாகக் கரண்டி நிறைய அள்ளச் செய்தான். கை பாதி தூரம் எழுந்தது; நின்றது; நடுங்க ஆரம்பித்தது. சாதாரண நடுக்கமல்ல, அச்சாக அக்காவின் நடுக்கம். பிறகு திடீரென்று உதறிக்கொண்டு, ஆரம்பித்த இடத்துக்கே பாய்ந்து திரும்பியது. ரசம் சாதம் அக்காவின் மூக்குக்கண்ணாடியிலும் மடியிலும். ஆறிய சாதமாக இருந்தது பகவான் செயல்.

ஒருவரும் பேசவில்லை. அக்காதான் பேசினாள். "பாவம், அதுக்கும் மாத்திரை வேளை தப்பிப் போச்சு போலிருக்கு."

நாட்டுப்பெண் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்த விளையாட்டெல்லாம் இனிமே வேண்டாம்" என்றாள். பையன் மாடிக்குப் போனவன் இராத்திரி சாப்பிட வரவில்லை. படுக்கப் போகும்போது அக்கா என்னைக் கூப்பிட்டு, "அவனை யாரும் திட்டப்படாதுன்னு சொல்லுடா. மூணு கரண்டி யார் கையும் படாம சாப்பிட்டேன்" என்றாள்.

நடந்தது என்னவென்று மறுநாள் பையன் கண்டுபிடித்தான். அந்த நாலு மோட்டார்களுக்கும் தீனி எங்கிருந்து வந்தது என்றால், அர்டுவினோ என்று சொல்லப்படும் மூளைப் பலகையிலிருந்து. அதற்கு லாப்டாப்பிலிருந்து யுஎஸ்பி கம்பி வழியாக. அந்தக் கம்பியில் நியாயமாகக் கேட்கக்கூடியது அரை ஆம்பியர். வெறும் கரண்டியோடு ஒத்திகை பார்த்தபோது ஒவ்வொரு மூட்டாக அசைந்தது. அரை ஆம்பியர் போதுமாக இருந்தது. பாரத்தோடு தோளும் முழங்கையும் சேர்ந்து எழுந்தபோது மோட்டார்கள் இருந்த மின்சாரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டன. வோல்டேஜ் சரிந்தது. மூளைப் பலகை மயக்கம் போட்டு விழுந்து, விழித்து, 'நான் எங்கே இருக்கிறேன்?' என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்தப் பாய்ச்சல் அதனால்தான்.

"தப்பு என் ப்ரோக்ராம்லே இல்லை தாத்தா. பசியிலே" என்றான். கதாசிரியன் வீட்டு வாசனை கொஞ்சம் அடித்திருக்கிறது போலும்.

ஆக, ஆவணியில் எனக்கு வந்த உத்தரவு: ஆறு வோல்ட், ஐந்து ஆம்பியர்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. நடக்க இடமில்லாத தெருவில் உலகத்து மின்சாரச் சாமான் முழுவதும் தோரணம் கட்டித் தொங்கும். நான் சொல்லப்பட்ட இரண்டில் வோல்ட்டை மட்டும் காதில் வாங்கியிருந்தேன். ஆறு கேட்டிருக்கிறான், ஒன்பது வாங்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவான் என்று, ரேடியோவில் போடுகிற சதுரமான ஒன்பது வோல்ட் பாட்டரி நாலு வாங்கிக்கொண்டு கும்பகோணம் ரயில் ஏறிவிட்டேன்.

பையன் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். மரியாதையோடு ஒன்றை எடுத்து, பிரித்துக் காட்டினான். உள்ளே ஆறு குட்டிக் கலங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். "மாடியிலே தொட்டி இருக்கு தாத்தா, உயரம் நிறைய. ஆனா குழாய் ஊசித் துவாரம். இதுகிட்டே ஒரு ஆம்பியர் கேட்டாலே ஏறக்குறைய ரெண்டு வோல்ட்டை உள்ளேயே முழுங்கிடும். அதோட, இந்த சர்வோவுக்கு 7.2-க்கு மேலே ஆகாது." நாலையும் அலமாரியில் வைத்தான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் அங்கே தங்கி, அவனுக்கு எடுபிடியாக இருந்தேன். கை உறுதியாகிற வரையில் பாட்டியை எதிரே உட்கார வைப்பதில்லை என்று அவன் சபதம் செய்திருந்தான். அக்காவின் நாற்காலியில் ஒரு பித்தளைச் சொம்பு உட்கார்ந்தது. சொம்புக்கு ஊட்டினோம்.

முதலில், பென்சில் செல் நாலை ஸ்பிரிங் டப்பாவில் போட்டுப் பார்த்தோம். ஆறு வோல்ட் கணக்கு சரி. மோட்டாருக்கு இந்தத் தீனி, மூளைக்கு லாப்டாப்பின் தீனி என்று பிரித்துக் கொடுத்தான். பிரித்ததும் கை முன்னைவிட மோசமாக வெலவெலத்தது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு ஒரே ஒரு ஒயரை எடுத்து, இரண்டு பக்கத்து மைனஸ் முனைகளையும் சேர்த்துக் கட்டினான்; வெலவெலப்பு நின்றது. "கட்டளை கொடுக்கறதும் வாங்கிக்கறதும் வேற வேற தரையிலேர்ந்து உயரத்தை அளந்துண்டிருந்தது தாத்தா" என்றான். பல குடும்பங்களில் இதே வியாதி உண்டு, ஒயர்தான் கிடைப்பதில்லை.

பென்சில் செல்கள் பத்துக் கரண்டி வரையில் ஒழுங்காக இருந்தன. அப்புறம் மீட்டரை வைத்துப் பார்த்தால், சும்மா இருக்கையில் 5.8 காட்டும், கை எழுந்தவுடன் நாலுக்கு விழும். நான் அன்றுதான் அந்தக் காட்சியை முதலில் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எல்லாப் பாட்டரியும் யோக்கியமான பாட்டரிதான்.

அடுத்தது செல்போனுக்கு வைத்துக்கொள்கிற பவர் பாங்க். இது ஒரு வேடிக்கை. ஐந்து வோல்ட், இரண்டு ஆம்பியர். பரவாயில்லாமல் தூக்கியது. ஆனால் பல பவர் பாங்குகளுக்கு ஒரு பழக்கம்: யாரும் அதிகமாகக் கேட்கவில்லை என்றால், போன் நிறைந்துவிட்டது என்று நினைத்து அணைந்துவிடும். சொம்பு உடனுக்குடன் சாப்பிடும், அக்கா அப்படியில்லை. ஒரு கவளத்தை மெல்ல ஒரு நிமிஷம் ஆகும். அக்காவைப் போலவே நிதானமாகப் பித்தானை அழுத்திப் பார்த்தோம். மூன்றாவது கவளத்துக்கு முன் பவர் பாங்க் தூங்கிப்போயிற்று.

பிறகு சுவர் மின்சாரம். 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி 10 ஆம்பியர் கொடுக்கும் தகரப் பெட்டி ஒன்று பக்கத்துத் தெருக் கடையிலேயே கிடைத்தது. அடடா, என்ன தெம்பு! கரண்டியில் கால் கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்தால்கூட அசராமல் எழுந்தது. "நகராத கைக்கு பாட்டரி எதற்கு? இதுவே போதுமே" என்றேன். எவ்வளவோ பேருக்கு அதுவே சரியான பதில் என்று இன்றும் நினைக்கிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. எங்கள் மருமான் வீட்டு இன்வெர்ட்டர் கூடத்து விசிறிக்கும் இரண்டு விளக்குக்கும்தான். அந்தரத்தில் நின்ற கை, பிடி விட்டுப்போய், சொம்பின் கழுத்தில் சரிந்து விழுந்தது. உப்பு சிதறியது. பையன் சொம்பையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றான்.

புரட்டாசியில் நான் மறுபடியும் ரிச்சி தெருவில். இந்தத் தடவை கையில் காகிதம். ஒரு சின்னக் கடையில், என் வயதுக்காரர் ஒருவர், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "எதுக்கு சார்?" என்றார். சொன்னேன். பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார்.

"எத்தனை மோட்டார்?"

"நாலு."

"ஓடும்போது எவ்ளோ இழுக்கும்னு எல்லாரும் எழுதிட்டு வர்றாங்க. முட்டிக்கிட்டு நிக்கும்போது எவ்ளோ இழுக்கும்? அதைச் சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். ஓடுகிற மோட்டார் தன் ஓட்டத்தாலேயே, வருகிற மின்சாரத்தை எதிர்த்துக் கொஞ்சம் மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதனால் உள்ளே வருவது மட்டுப்படுகிறது. பாரம் தாங்காமல் அசையாது நின்றுவிட்டாலோ எதிர்ப்பே இல்லை. மோட்டார் தன்னால் முடிந்த மட்டும் குடிக்கும். சும்மா நிற்கும் எம்ஜி 996 ஆருக்கு 10 மில்லி ஆம்பியர் போதும். நகரும்போது அரை முதல் ஒரு ஆம்பியர் வரை. ஆறு வோல்ட்டில் முட்டி நிற்கும்போது இரண்டரை. நாலும் முட்டினால் பத்து. "நாலும் சேர்ந்து முட்டாது. தோளும் முழங்கையும் முட்டும்னு வெச்சுக்குங்க. அஞ்சு."

காகிதத்தைப் பார்த்தேன். பையன் எழுதியிருந்ததும் ஐந்துதான்.

அசைய முடியாதபோதுதான் அதிகம் செலவாகிறது என்ற செய்தி என்னைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. அக்கா சில நாள் மத்தியானம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் "ஒரே அசதியா இருக்குடா" என்பாள். ஒன்றும் செய்யாமல் என்ன அசதி என்று நான் மனசுக்குள் நினைத்ததுண்டு.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது லித்தியம். கட்டைவிரல் பருமனில் இரண்டு உருளைகள், 18 மில்லி மீட்டர் குறுக்களவு, 65 நீளம். இரண்டும் சேர்ந்தால் பெயருக்கு 7.4 வோல்ட், முழுக்க ஏற்றினால் 8.4. சர்வோவுக்கு அது அதிகம். குறைத்துக் கொடுக்க இன்னொரு பலகை வேண்டும். மலிவான பலகையில் மூன்று ஆம்பியர் என்று எழுதியிருக்கும்; அதற்கு முன்பே கை வைக்க முடியாமல் சுடும். நல்லதாக ஐந்து ஆம்பியருக்கு வாங்க வேண்டும். "ட்ரோன் எல்லாம் லித்தியத்துலதான் சார் பறக்குது. கனம் கம்மி, தெம்பு ஜாஸ்தி. ஆனா ஒழுங்கா ஏத்தணும், மூணு வோல்ட்டுக்குக் கீழே வடிய விடக்கூடாது, உப்பினா தூரப் போட்டுடணும்."

"உப்பினதைப் போடாவிட்டால்?"

"பத்திக்கும்."

அந்த பாட்டரி இருக்கப்போவது அக்காவின் மடியிலிருந்து ஒரு முழ தூரத்தில். பற்றிக்கொண்டால் நீங்களும் நானும் எழுந்து ஓடிவிடுவோம். அக்கா நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே முழுசாக ஒரு நிமிஷம் ஆகும். வேண்டாம் என்றேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக என்னை ஒரு மனிதனாக மதித்தார் என்று தோன்றியது.

"இந்த சர்வோல 4.8, 6.0-ன்னு ரெண்டு கணக்குப் போட்டிருக்கே, அது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? பொம்மை ஏரோப்ளேன் விடுறவங்க அந்தக் காலத்துல நிக்கல் செல் போடுவாங்க. ஒண்ணு 1.2 வோல்ட். நாலு போட்டா 4.8, அஞ்சு போட்டா 6. மோட்டாரையே அந்த பாட்டரிக்குத்தான் செஞ்சான்."

அப்படியே ஐந்து நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் செல்களை எடுத்தார். 2000 மில்லி ஆம்பியர் மணி. ஸ்பிரிங் டப்பா கூடாது, ஸ்பிரிங்கிலேயே பாதித் தெம்பு போய்விடும் என்று சொல்லி, நிக்கல் பட்டையை வைத்து ஒன்றோடொன்று பற்றவைத்து, மேலே உறை போட்டுச் சுருக்கி, சுண்டுவிரலில் பாதி பருமனுக்கு ஒயர் வைத்துக் கொடுத்தார். பையன் உபயோகித்தது பூத்தொடுக்கிற நூல் மாதிரி ஒயர்; ஐந்து ஆம்பியர் போகிற வழி அல்ல அது. அரை மணி சாப்பாட்டுக்குச் சராசரி ஒரு ஆம்பியர் என்று வைத்தால் 500 மில்லி ஆம்பியர் மணி ஆகிறது. மூன்று வேளைக்குத் தாங்கும், இராத்திரி ஏற்றிக்கொள்ளலாம். இந்தக் கணக்கை நானே போட்டேன் என்பதைப் பெருமையோடு இங்கே பதிவு செய்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் கூடத்தில் மறுபடியும் பலகை போட்டார்கள். நாட்டுப்பெண் ஒரு துண்டை அக்காவின் மடியில் விரித்து, இன்னொரு துண்டைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள். ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது: மூளைப் பலகைக்குத் தனியாக ஒரு தீனி, லாப்டாப் கூடாது, சுவரும் கூடாது. பையன் அலமாரியைத் திறந்து, நான் வாங்கிவந்த ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்றை எடுத்து மாட்டினான். பாரம் தூக்காத மூளைக்கு 50 மில்லி ஆம்பியர் போதுமாம். ஒரு பாட்டரி ஏழெட்டு மணி நேரம் தாங்குமாம். நான் தூணில் சாய்ந்துகொண்டு, முதலிலிருந்தே இந்த உத்தேசத்தில்தான் வாங்கினேன் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அக்கா பித்தானை மிதித்தாள். கை குனிந்தது, அள்ளியது, எழுந்தது. பையன் சாதத்தைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். 6.9. எழும்போது 6.2. மறுபடி 6.8. நான் கரண்டியை எண்ணினேன். நாலாவது தாண்டியது. பத்து தாண்டியது. பதினாலாவது சமயத்தில் மாத்திரை நேரம் நெருங்கி அக்காவின் வலது கை மடியில் தடதடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. யந்திரக் கை வாய்க்கு எதிரே ஆடாமல் அசையாமல் காத்துக்கொண்டு நின்றது. அவள் அதையே பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இருபத்திரண்டாவது கரண்டியில் தட்டு காலியாயிற்று. மீட்டரில் 6.4. துண்டில் இரண்டு பருக்கை.

பையன் பேச்சு வராமல் நின்றான். நாட்டுப்பெண் கையில் இருந்த இரண்டாவது துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா தண்ணீரை உறிஞ்சுகுழலில் குடித்தாள். வாயை நன்றாகச் சப்புக்கொட்டினாள். அப்புறம் நாட்டுப்பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "ஏண்டி, இன்னிக்கு ரசத்திலே பெருங்காயம் போட்டியா, இல்லே டப்பாவைக் காட்டிட்டு வெச்சுட்டியா?" என்றாள்.